பையைப் பார்த்துக்கொள்

என் மனைவி சீனித்தாயை நான் உயிரோடு கடைசியாகப் பார்த்தது ஸ்விட்சர்லாந்தில், சுற்றுலாப் பேருந்துகள் வந்து நிற்கிற ஒரு தார்த் திடலில், ஒரு முற்பகலில். முகத்தைப் பார்க்கவில்லை, முதுகைத்தான் பார்த்தேன். தலையில் நல்லெண்ணெய் வழிய வழியத் தேய்த்து, கொண்டையை அவிழ்த்து முதுகில் விட்டு, சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகி, ஒரு கையில் சீயக்காய்ப் பொட்டலத்தோடு, கேமராவும் கையுமாக நின்ற எங்கள் ஊர்க்காரர்களிடம் வழி கேட்டு வழி கேட்டு நடந்து போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பியிருந்தால் பைகள் கண்ணில் பட்டிருக்கும்.

எங்கள் ஊர் சிவகாசி. சீனித்தாயின் அண்ணன் தர்மக்கண்ணுக்கு அங்கே பெரிய அச்சாபீஸ், நான் அதில் காகிதக் கிடங்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காலண்டர்தான் முக்கியமான வேலை. பனிமலை, ஏரி, ஏரிக்கரையில் மரவீடு, வீட்டு வாசலில் பூத்தொட்டி என்று ஒருவரும் கண்ணால் பார்த்திராத இடங்களை லட்சக்கணக்கில் அடித்து, மளிகைக்கடை, நகைக்கடை, ரைஸ்மில் பெயர்களைக் கீழே போட்டுத் தமிழ்நாடு முழுக்க ஆணியில் தொங்கவிட்டவர் என் மச்சான். அந்த இடங்களை நேரில் பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஆசை வரவில்லை. சாத்தூர்க்காரர் ஒருவர் பார்த்துவிட்டு வந்தார் என்று கேள்விப்பட்ட பிறகுதான் வந்தது.

இனி பைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் எந்தக் குடும்பம் ஊருக்குப் புறப்பட்டாலும், சோறு கட்டுவது ஒருத்தர் வேலை, வண்டி பேசுவது ஒருத்தர் வேலை என்று இருப்பதைப் போல, போய்ச் சேர்ந்த இடத்தில் பைகளைச் சுற்றி வைத்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருப்பதும் ஒருத்தர் வேலை. மற்றவர்கள் பார்த்துவிட்டு வருவார்கள். வந்து, "இப்ப நீ போய்ப் பாத்துட்டு வா" என்று சொல்லுவதற்குள் வண்டிக்காரன் ஹாரன் அடித்துவிடுவான். இந்த வேலைக்கு யாரை நியமிப்பது என்று எந்த வீட்டிலும் கூடிப் பேசியதில்லை, ஆனால் எந்த வீட்டிலும் ஆள் மாறியதும் இல்லை. தர்மக்கண் வீட்டில் அது சீனித்தாய். பாவாடை கட்டிய வயதில் திருச்செந்தூரில் செருப்புகளுக்கு நடுவே உட்கார ஆரம்பித்தவள். கல்யாணத்துக்குப் பிறகு எங்களுக்குப் பிள்ளை இல்லை என்றானதும் அந்த இடம் அவளுக்கு நிரந்தரமாகிவிட்டது. பிள்ளை இருப்பவள் பிள்ளைக்குக் காட்டப் போக வேண்டும், இல்லாதவள் யாருக்குக் காட்டப் போகிறாள் என்று அவளுடைய மதினி ராஜகனி ஒருமுறை வெற்றிலை போட்டுக்கொண்டே சொன்னாள், அதில் தப்பு இருப்பதாக அங்கே இருந்த யாருக்கும் தோன்றவில்லை. கன்னியாகுமரியில் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பைகளுக்கு முகத்தைக் காட்டியபடி உட்கார்ந்திருந்தாள். குற்றாலத்துக்கு வருஷம் தவறாமல் சாரலுக்குப் போனோம். ஐந்தருவியிலும் பேரருவியிலும் குடும்பமே எண்ணெய் தேய்த்து இறங்கும். அவள் கரையில் எல்லோருடைய உலர்ந்த துணிகளையும் மடியில் வைத்துக்கொண்டு, தெறிக்கிற சாரல் துணியில் படாமல் குனிந்து மறைத்துக்கொண்டு இருப்பாள். நாங்கள் இரண்டு பேர் மட்டும் தனியாகப் போன ஒரே வருஷம் மழை பொய்த்து, பாறையில் குரங்குகள் உட்கார்ந்திருந்தன. அவள் வாழ்க்கையில் ஒரு அருவியிலும் நனைந்ததில்லை. வேறு ஆசை எதையும் அவள் என்னிடம் சொன்னதில்லை, இதைச் சொல்லியிருக்கிறாள்.

ஆகவே மச்சான் வீட்டுக்கு வந்து, ஐரோப்பா போகிறோம், நீங்களும் வருகிறீர்கள் என்று அறிவித்தபோது அவளுக்காக ஒரு அருவியையும் கொண்டுவந்திருந்தார்.

"சீனி, அங்க ஒரு அருவி இருக்காம். நம்ம குத்தாலம்லாம் அதுக்கு முன்னால குழாயடி. இந்தத் தடவை நீதான் மொதல்ல எறங்கணும். பையை நான் பாத்துக்கிடுறேன்."

அந்த அருவியில் யாரும் குளிப்பதில்லை, தள்ளி நின்று பார்த்துவிட்டுத்தான் வருவார்கள் என்பது அவருக்குத் தெரியாது. அருவி என்றால் குளிப்பது என்பதற்கு மேல் எங்கள் யாருக்கும் தெரியாது. சீனித்தாய் ஒரு பாட்டில் நல்லெண்ணெய், இடித்துச் சலித்த சீயக்காய், குளித்துவிட்டு மாற்ற ஒரு சுங்குடிச் சேலை, ஈரிழைத் துண்டு எல்லாம் எடுத்து ஒரு மஞ்சள் பையில் தனியாக வைத்துக்கொண்டாள். எங்களை அவர்கள் அழைத்துப் போனது பாசத்தால் என்று நான் நினைக்கவில்லை. பைகள் நிறைய இருந்தன. ராஜகனி நகைகளை ஓட்டல் அறையில் வைக்க நம்பமாட்டாள், வெள்ளைக்காரன் ஓட்டுகிறான் என்பதால் பேருந்திலும் வைக்க நம்பமாட்டாள். நகை, பாஸ்போர்ட், புளியோதரைச் சம்படம், முறுக்கு டின், குளிர்ச்சட்டைகள் என்று எல்லாமே போகிற இடமெல்லாம் கூடவே வந்தன.

சென்னையில் இருந்து சம்பத் என்ற ஒரு சுற்றுலா மேலாளர் எங்களை மேய்த்துக்கொண்டு போனார். ஒரு பேருந்து நிறைய அச்சாபீஸ்காரர்களும் தீப்பெட்டிக்காரர்களும் பட்டாசு ஏஜெண்டுகளும் அவர்கள் சம்சாரங்களும். முதல் ஊர் பாரிஸ். இரும்புக் கோபுரத்துக்கு அரைமைல் முன்னால் பேருந்தை நிறுத்தி, ஆற்றங்கரையில் ஒரு பெஞ்சைப் பார்த்துச் சீனித்தாயை உட்கார வைத்து, பைகளைச் சுற்றிலும் அடுக்கிவிட்டு எல்லோரும் போனோம். மச்சானுடைய வீடியோ கேமராவுக்கு உரிய முக்காலியை நான் தூக்கிப் போனேன். போய்ப் பார்த்தால் கோபுரம் இல்லை. நான்கு கால் நின்ற இடத்தில் நான்கு பள்ளமும் அவற்றில் புறாக்களும்தான் இருந்தன. ஏறுவதற்கு வரிசையில் நின்றவர்கள் வரிசை கலையாமல் நின்றுகொண்டிருந்தார்கள். அந்த ஊரில் அடிக்கடி வேலைநிறுத்தம் நடக்குமாம், அதில் கோபுரமும் சேர்ந்துகொண்டது போலிருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். திரும்பி வந்தோம். கோபுரம் ஆற்றங்கரையில், சீனித்தாய்க்கு மேலே, ஒரு காலை முறுக்கு டின்னுக்குப் பக்கத்தில் ஊன்றி, மற்றக் கால்களை யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் மரங்களுக்கு நடுவே வைத்து, கொஞ்சம் குனிந்தாற்போல நின்றுகொண்டிருந்தது. அவள் அதன் நிழலில் உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எதையும் அப்படி நிமிர்ந்து பார்த்து நான் கண்டதில்லை.

ஏன் வந்தது என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் ஆட்கள் கேட்டதெல்லாம், நாங்கள் எதற்கு அவ்வளவு தூரம் நடந்தோம் என்பதுதான். ராஜகனி, நீ கூப்பிட்டியா என்று சீனித்தாயை அதட்டினாள். பிறகு படம் எடுக்க ஆரம்பித்தார்கள். கோபுரம் படத்தில் முழுசாக விழுகிற மாதிரி எங்கே நின்று எடுத்தாலும் அடியில் சீனித்தாயும் பைகளும் விழுந்தார்கள். அவளை நகரச் சொன்னார்கள். அவள் நகர்ந்தால் கோபுரமும் நகர்ந்தது. கடைசியில், "சீனி, கொஞ்சம் குனிஞ்சுக்கோ" என்று மச்சான் சொன்னார், அவள் பைகளின் மேல் குனிந்துகொண்டாள், எல்லோரும் படம் எடுத்துக்கொண்டார்கள். அன்று சாயங்காலம் ஊருக்குப் போன் போட்டு, உச்சி வரைக்கும் ஏறினோம், காற்று அள்ளிக்கொண்டு போகிறது என்று சொன்னார்கள்.

அறையில் அவள் என்னிடம் மட்டும் சொன்னாள்: "நம்மளால போக முடியலைன்னு அதுக்குத் தெரிஞ்சிருக்கும்ங்க. வேற என்ன." காரணம் என்று நான் இதுவரை கேட்டது இது ஒன்றுதான்.

பிரஸ்ஸல்ஸில் நான் முக்காலியை மச்சான் மகனிடம் கொடுத்துவிட்டு அவளோடு பெஞ்சில் இருந்தேன். அங்கே ஒன்றுக்குப் போகிற சின்னப் பையன் சிலை ஒன்று பேர்போனது. எங்கள் கூட்டம் அதைத் தேடி ஒரு பக்கம் போக, அது இன்னொரு பக்கமாக, சாக்லேட் கடைகளை ஒட்டி, கடைக்காரர்கள் துடைப்பத்தோடு ஈரத்தைத் துடைத்துக்கொண்டே பின்னால் வர, நடந்து வந்து எங்கள் முன்னால் நின்றது. முழங்கால் உயரம்தான். சீனித்தாய் தன்னுடைய ஈரிழைத் துண்டை எடுத்து அதன் இடுப்பில் சுற்றி, ஒரு முறுக்கை உடைத்து அதன் வெண்கலக் கையில் கொடுத்தாள். கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டுப் போனது. துண்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை, அவளும் கேட்கவில்லை. ஆம்ஸ்டர்டாமில் ஒரு வாய்க்கால், படகுகளோடும் பாலங்களோடும் வந்து, வீட்டு நாய் மாதிரி அவள் காலடியில் படுத்துக்கொண்டது.

எங்கள் ஆட்கள் இதை ஏற்றுக்கொண்ட விதத்தை நான் இத்தனை வருஷமாக நினைத்து நினைத்துப் பார்த்திருக்கிறேன். பயப்படவில்லை, கும்பிடவில்லை, ஆச்சரியப்படவும் இல்லை. பொறாமைப்பட்டார்கள், அவ்வளவுதான். கொலோன் நகரத்துக்கு வந்ததும் ராஜகனி, இன்றைக்குப் பையை நான் பார்த்துக்கொள்கிறேன், சீனிதான் பாவம் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிறாள் என்று சொல்லி, பட்டுச் சேலை உடுத்தி, கறுப்புக் கண்ணாடி மாட்டி, பைகளுக்கு நடுவே கொலுவில் வைத்த மாதிரி உட்கார்ந்தாள். கல்யாணமான நாளில் இருந்து அன்றைக்குத்தான் அவள் வாயில் இருந்து அந்தப் பாவம் என்ற சொல் வந்தது. இரட்டைக் கூம்பு வைத்த அந்தப் பெரிய மாதா கோயில் அவளைத் தேடி வரவில்லை. சீனித்தாய் அப்போது ரயில் நிலையத்துக் கழிப்பறை வாசலில் வரிசையில் நின்றிருந்தாள்; கோயில் அவளுக்குப் பின்னால், அடுத்த ஆளாக, பொறுமையாக வரிசையில் நின்றது. அதற்குப் பின்னால் வந்த ஜெர்மன்காரிகள் கோயிலுக்குப் பின்னால் நின்றார்கள்.

உடனே எங்கள் பேருந்தில் ஒரு பேச்சு கிளம்பியது. ஆளில் ஒன்றும் இல்லை, பையில்தான் இருக்கிறது என்று ஒரு தீப்பெட்டிக்காரர் சொன்னார். கழிப்பறைக்குப் போகும்போதும் அவள் மஞ்சள் பையைத் தோளில் மாட்டியிருந்ததை அவர் சம்சாரம் பார்த்திருந்தாள். அந்தப் பையைப் பிடுங்கினார்கள். ஒருத்தர் மாற்றி ஒருத்தர் அதை மடியில் வைத்துக்கொண்டு அணைக்கட்டு, கோட்டை, பூங்கா என்று எதிரில் போய் உட்கார்ந்து, வா வா என்று பார்த்தார்கள். ஒரு புல்கூட வரவில்லை. பையைத் திறந்து மோந்து பார்த்தார்கள். எண்ணெயும் சீயக்காயும் இருப்பதைக் கண்டு சம்பத் சிரித்த சிரிப்பில் பேருந்தே திரும்பிப் பார்த்தது. அந்த அருவியில் எறங்க முடியாதும்மா, கம்பிவேலி போட்டிருப்பான், எட்ட நின்னு பாக்கறதுதான் என்று அவர் விளக்கினார். எல்லோரும் சிரித்தார்கள், நம்ம ஊர்க்காரிகளுக்கு எங்க போனாலும் குத்தாலம்தான் என்றார்கள். அவர்களில் பாதிப் பேர் பெட்டியிலும் எண்ணெய் இருந்தது எனக்குத் தெரியும்.

சீனித்தாய் சிரிக்கவில்லை. அருவி வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிறவரைக்கும்தானே வேலி என்று என்னிடம் மெதுவாகச் சொன்னாள்.

பையில் இல்லை, ஆளில்தான் என்று முடிவானதும் அவளுக்குப் பெரிய மரியாதை வந்துவிட்டது. மரியாதை என்றால் இன்னும் கொஞ்சம் அதிகமாக உட்கார வைத்தார்கள். எங்கள் வீட்டுப் பெண்ணுக்குச் சின்ன வயசில் இருந்தே ஒரு ராசி உண்டு என்று மச்சான் எல்லோரிடமும் சொன்னார். சம்பத் பெரிய கணக்குப் போட்டார். முட்டிவலிக்காரர்கள் நடக்க வேண்டாம், படி ஏற வேண்டாம், அம்மாவைப் பேருந்துக்குப் பக்கத்தில் உட்கார வைத்தால் போதும், வேண்டியது வந்துவிடும், ஒருநாளில் இரண்டு நாள் இடங்களை முடித்துவிடலாம். அன்றிலிருந்து ஒவ்வொரு இடத்திலும் வெளிச்சம் நன்றாக விழுகிற திசை பார்த்து அவளுக்கு மடக்கு நாற்காலி போட்டார்கள். எழுந்தால் சத்தம் போட்டார்கள். அவள் தண்ணீர் குடிக்கத் திரும்பினால் ஏதாவது ஒரு கோட்டையும் கூடவே திரும்பி, யாருடைய படமாவது வீணாகிப்போகும்.

"மதினி சொல்லுதாக, நான் ஒன்னுக்குப் போறதா இருந்தா முன்கூட்டியே சொல்லணுமாம்" என்றாள் என்னிடம்.

இப்படியே அருவிக்கு வந்து சேர்ந்தோம். ரைன் என்ற ஆறு அங்கே பாறையில் விழுகிறது. உயரம் நம்முடையதில் பாதிகூட இல்லை, ஆனால் ஆறு முழுவதும் ஒரே மூச்சில் விழுகிறது. பேருந்து நின்ற தார்த்திடலில் இருந்து இறங்கிப் போகப் படிகள் இருந்தன. சத்தம் அங்கேயே கேட்டது. சீனித்தாய் மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு பேருந்தில் இருந்து முதல் ஆளாக இறங்கினாள். அதற்குள் திடலில் மடக்கு நாற்காலி தயாராக இருந்தது.

அவள் அதில் உட்காரவில்லை. அண்ணனிடம் போனாள்.

"அண்ணே, இந்தத் தடவை நான்னு சொன்னீங்க."

"சொன்னேன், யாரு இல்லைன்னா? அதுதான் உன்னைத் தேடி வருமே. உக்காந்த எடத்துலயே நல்லாப் பாத்துக்கோ."

"பாக்கறதுக்கா எண்ணெய் கொண்டாந்தேன்?"

மச்சான் சுற்றிலும் பார்த்தார். பேருந்தே காத்துக்கொண்டிருந்தது. பைகளை நான் பார்த்துக்கொள்கிறேன், அவள் படியிறங்கிப் போய்வரட்டும் என்று நான் சொன்னேன். அதற்கு அவர், "மாப்பிள்ளை, நீங்க உக்காந்தா எது வரும்? காக்காகூட வராது" என்றார். கூட்டம் சிரித்தது. ராஜகனி, ஊர் பூராவும் கால்கடுக்க நிற்கும்போது ஒருத்திக்கு மட்டும் குளியலா என்றாள். நகைப் பையைக் கொண்டுவந்து நாற்காலிக்கு அடியில் வைத்தாள். மற்றவர்களும் வைத்தார்கள். சீனித்தாய் நாற்காலியைப் பார்த்தாள், பைகளைப் பார்த்தாள், பழக்கத்தில் உட்கார்ந்தாள்.

அருவி வந்தது. முதலில் குளிர்ந்த காற்று வந்தது, பிறகு சாரல், பிறகு படிகளில் ஏறி, அறிவிப்புப் பலகைகளைச் சாய்க்காமல், நிறுத்தியிருந்த கார்களைச் சுற்றிக்கொண்டு வந்து, திடலின் அந்த ஓரத்தில் வெள்ளைச் சுவராக நிமிர்ந்து நின்று விழுந்தது. விழுந்த தண்ணீர் வந்த வழியே திரும்பி ஓடியது. அந்த ஊர்க் காவலர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, இது பேருந்துகளுக்கான இடம் என்று அருவிக்கு எதிரே ஒரு மஞ்சள் முக்கோணத்தை வைத்துவிட்டுப் போனார். எங்கள் ஆட்கள் குடைகளை விரித்துக்கொண்டு, முதுகை அருவிக்கும் முகத்தைக் கேமராவுக்கும் கொடுத்து நின்றார்கள். மச்சான் ஒரு நிமிஷம் திரும்பிப் பார்த்துவிட்டு, நம்ம காலண்டரில் இதைவிட நீலமாக இருக்கும் என்றார்.

சீனித்தாய் எழுந்தாள். அவள் எழுந்ததை முதலில் யாரும் கவனிக்கவில்லை, ஏனென்றால் அருவி அசையவில்லை. பைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி, சாரல் எட்டாத பேருந்து நிழற்குடைக்குள் கொண்டுபோய், நகைப் பையை உள்ளேயும் குளிர்ச்சட்டைப் பைகளை வெளியேயுமாக அடுக்கி, மேலே தன்னுடைய சுங்குடிச் சேலையை விரித்துப் போர்த்தினாள். பிறகு மஞ்சள் பையில் இருந்து எண்ணெயை எடுத்து, என் கையில் மூடியைக் கொடுத்து, உள்ளங்கை நிறைய ஊற்றி உச்சியில் வைத்தாள். அவசரப்படவில்லை. குற்றாலத்துக் கரையில் மற்றவர்கள் தேய்த்ததை அத்தனை வருஷம் பார்த்துக்கொண்டிருந்தவள், எதையும் விடாமல் காது மடல், கழுத்து, முழங்கை என்று தேய்த்தாள். என்னைப் பார்த்து, "ரொம்பக் குளிராது, இல்லையாங்க?" என்றாள். குளிராது என்றேன்.

அண்ணனிடம் போய் நின்று சொன்னாள்.

"அண்ணே, பையைப் பாத்துக்கோங்க."

மச்சான் வீடியோவில் கண்ணை வைத்திருந்தார். சரி சரி என்று சொல்லி, பழக்கம் இல்லாததால் எந்தப் பை என்று கேட்டார். அவள் அதற்குள் நடக்க ஆரம்பித்துவிட்டாள். முதுகைத்தான் பார்த்தேன் என்று சொன்னேன் அல்லவா. முக்கோணத்தைத் தாண்டினாள், தண்ணீருக்குள் போனாள், முதல் அடி தலையில் விழுந்தபோது அவளுடைய தோள்கள் தூக்கிப்போட்டன, குற்றாலத்தில் எல்லோருக்கும் அப்படித்தான். அப்புறம் வெள்ளையாக இருந்தது. அருவி மெதுவாகத் திரும்பியது. நடக்கிற ஒரு ஆளின் வேகத்தில், படிகளில் ஒவ்வொரு படியாக, அவளோடு இறங்கிப் போய்த் தன் பாறையில் நின்றுகொண்டது. தார்த்திடல் வெயிலில் உலர்ந்தது. நாங்கள் இன்னும் படமே எடுக்கவில்லை என்று ஒருத்தி கோபப்பட்டாள்.

படகுக்காரர்கள் தேடினார்கள். எங்கள் ஆட்கள் அன்று சாயங்காலம்வரை இருந்துவிட்டு, அடுத்த ஊரில் அறை போட்டாகிவிட்டது என்று புறப்பட்டுப் போனார்கள். வெனிஸிலும் ரோமிலும் எதுவும் இருந்த இடத்தை விட்டு அசையவில்லையாம். படிகள் எல்லாம் ஏறி, வெயிலில் நடந்து, கால்கள் வீங்கி, பாதியில் இப்படிச் செய்துவிட்டாளே என்று அவளைத்தான் திட்டினார்களாம். நான் அங்கேயே இருந்தேன். பக்கத்து ஊரில் கடை வைத்திருந்த யோகராசா என்ற யாழ்ப்பாணத்துக்காரர் என்னைத் தன் வீட்டில் வைத்துக்கொண்டார். ஆறு வளைகிற ஒரு இடத்தில், நாணல்களுக்கு நடுவே அவள் கிடைத்தபோது அவர்தான் கூட வந்தார், அவர்தான் முதலில் கிட்டப் போய்ப் பார்த்தார்.

"அம்மா வடிவாக் குளிச்சிருக்கிறா, ஐயா" என்றார்.

நான் தலையைத் தொட்டுப் பார்த்தேன். எண்ணெய்ப் பிசுக்குக் கொஞ்சமும் இல்லை. சீயக்காய் வாசனை இருந்தது.

ஊரில் அவளுக்கு மாரடைப்பு என்று சொல்லியிருந்தார்கள். அடுத்த வருஷத்துக் காலண்டரில் மச்சான் அந்த அருவியைப் போட்டார், அவர் மகன் எடுத்த படம், நீலம் கூட்டி அடித்தது. கீழ் ஓரத்தில் மடக்கு நாற்காலியின் ஒரு காலும் யாருடையதோ ஒரு முழங்கையும் தெரிந்ததால் ரைஸ்மில் பெயரை அங்கே பெரிய எழுத்தில் போட்டு மறைத்தார்கள். கல்யாண வீடுகளில் இப்போதும் மச்சான், நாங்கள் போனபோது அருவியே படியேறி வந்தது என்று சொல்கிறார். யாரைத் தேடி என்று கேட்பவர்கள் இல்லை. குற்றாலத்துக்குப் போவதை நிறுத்திவிட்டார்கள். பை பார்த்துக்கொள்ள ஆள் இல்லை.

பைகள் மச்சான் வீட்டுப் பரணில் இருக்கின்றன. ஒன்றுகூட நனையவில்லை.